25 ஆண்டு விஸ்கிக்கு ஏன் அவ்வளவு விலை? போத்தலில் உள்ள எண்ணை எப்படிப் படிப்பது?

ஒரே வடிசாலையின் 2 போத்தல்கள் கடையில் அருகருகே இருக்கின்றன. ஒன்றில் 12 என்ற எண். மற்றொன்றில் 25. முதல் போத்தலின் விலை 100 வெள்ளிக்குப் பக்கத்தில். இரண்டாவது போத்தலோ ஆயிரத்தைத் தாண்டுகிறது.

அப்பா வேலையிலிருந்து ஓய்வுபெறுகிறார், மாமாவுக்கு 60ஆம் கல்யாணம், நண்பனுக்குத் திருமணம்... "நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வா" என்று உங்களிடம் சொல்லிவிட்டார்கள். கை தானாகவே பெரிய எண் பக்கம் போகும். பழசுதானே நல்லது?

கொஞ்சம் பொறுங்கள். அந்த எண் ஒன்றை மட்டுமே உறுதியாகச் சொல்கிறது: விஸ்கி எத்தனை ஆண்டு மரப் பீப்பாயில் இருந்தது என்பதை. அது சுவையாக இருக்கிறதா, கேட்கும் விலைக்குத் தகுமா என்பதைச் சொல்லாது. அதை நீங்கள்தான் கண்டுபிடிக்கவேண்டும். எப்படி? பார்க்கலாம்.

அந்த எண்ணுக்கு என்ன பொருள்?

ஸ்காட்ச் விஸ்கி என்று பெயர் வைக்க பிரிட்டனில் 2009ஆம் ஆண்டின் விதிமுறைகள் உள்ளன. முக்கியமானவை:

• ஸ்காட்லந்தில் வடிக்கப்பட்டு, அங்கேயே ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு இருக்கவேண்டும்
• பீப்பாயின் கொள்ளளவு 700 லிட்டரைத் தாண்டக்கூடாது
• போத்தலில் அடைக்கும்போது ஆல்கஹால் குறைந்தது 40 விழுக்காடு இருக்கவேண்டும்
• தண்ணீர், நிறத்துக்கான சாதாரண கேரமல் இரண்டைத் தவிர வேறு எதையும் சேர்க்கக்கூடாது

'சிங்கிள் மால்ட்' என்றால் முளைகட்டிய பார்லியிலிருந்து, ஒரே வடிசாலையில் தயாரிக்கப்பட்டது என்று பொருள். பலர் நினைப்பதுபோல் ஒரே பீப்பாயிலிருந்து வந்தது என்று பொருளில்லை. பெரும்பாலான போத்தல்களில் பல பீப்பாய்களின் விஸ்கி கலந்திருக்கும்.

அப்படிக் கலக்கும்போது வயதை எப்படிக் கணக்கிடுவார்கள்? அதில் ஆக இளையது எதுவோ, அதன் வயதைத்தான் போடமுடியும். 25 ஆண்டு விஸ்கி நிறைந்த தொட்டியில் ஒரு கரண்டி 11 ஆண்டு விஸ்கியை ஊற்றினாலும் போத்தலில் 11 என்றுதான் அச்சிடமுடியும்.

இன்னொன்று. விஸ்கிக்கு வயது ஏறுவது பீப்பாயில் மட்டுமே. போத்தலில் அடைத்த நிமிடமே வயது நின்றுவிடும். தாத்தா 1990இல் வாங்கி அலமாரியில் வைத்த 12 ஆண்டு விஸ்கி இன்றும் 12 ஆண்டு விஸ்கிதான்.

பீப்பாய்க்குள் என்னதான் நடக்கிறது?

வடித்தெடுத்த புது மதுவில் நிறம் கிடையாது. பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். பொதுவாக 63.5 விழுக்காடு ஆல்கஹால் அளவில் அதைப் பீப்பாயில் ஊற்றுவார்கள். அதன்பிறகு 3 வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

மரம் கொடுக்கிறது. ஓக் மரத்திலிருந்து வனிலா வாசம் தரும் வனிலின், தேங்காய் வாசம் தரும் லாக்டோன், துவர்ப்பு தரும் டானின் ஆகியவை இறங்குகின்றன. அந்தத் துவர்ப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். சீனி போடாத தே-ஓ கோசோங்கை அதிகநேரம் ஊறவிட்டால் நாக்கைப் பிடிக்குமே, அதேதான்.

மரம் எடுத்துக்கொள்கிறது. பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் கருக்கியிருப்பார்கள். அந்தக் கரிப்படலம் புது மதுவில் இருக்கும் கந்தக வாடையைக் குறைக்கிறது.

காற்று மெதுவாக மாற்றுகிறது. மரத்தின் வழியாக உயிர்வாயு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருகிறது. பழ வாசம், மெழுகு வாசம், தேன் வாசம் போன்றவை இப்படிக் காலப்போக்கில் உருவாகின்றன. இந்த வேலையை அவசரப்படுத்துவது கடினம்.

எந்தப் பீப்பாய் என்பதும் முக்கியம். அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கியைப் புதிய, உட்புறம் கருக்கிய ஓக் கலனில்தான் வைக்கவேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்களை அங்கு மறுபடி போர்பனுக்குப் பயன்படுத்த முடியாது. அதனால் அவை ஸ்காட்லந்துக்குப் போகின்றன. சுமார் 200 லிட்டர் கொள்ளும் அந்தப் பீப்பாய்கள் வனிலா, தேங்காய், தேன் சுவை தருகின்றன. ஸ்பெயினின் ஷெர்ரி ஒயின் இருந்த 500 லிட்டர் பீப்பாய்கள் உலர்ந்த திராட்சை, அத்திப்பழம், மசாலா வாசம் தருகின்றன.

ஒரே பீப்பாயைப் பலமுறை நிரப்புவதும் உண்டு. தேயிலைப் பொட்டலம் போலத்தான். முதல் கோப்பையில் நல்ல சாயம் இறங்கும், மூன்றாவதில் வெறும் நிறம்தான். களைத்துப்போன பீப்பாயில் 25 ஆண்டு கிடந்த விஸ்கியைவிட, நல்ல பீப்பாயில் 12 ஆண்டு இருந்த விஸ்கியில் மரத்தின் சுவை அதிகமாக இருக்கலாம்.

அப்படியென்றால் நல்ல பீப்பாயில் நீண்டகாலம் வைத்துவிட்டால் போதுமா? அதுவும் இல்லை. மாங்காய் ஊறுகாயை நினைத்துப் பாருங்கள். ஊற ஊறச் சுவைதான். ஆனால் ஒரு கட்டத்துக்குமேல் மாங்காய் கரைந்து உப்பும் எண்ணெயும்தான் மிஞ்சும். விஸ்கியும் அளவுக்குமேல் கிடந்தால் பார்லி, பழம் எல்லாம் மறைந்து மரம் மட்டுமே தெரியும். கசக்கும், வறண்டிருக்கும். எந்தப் பீப்பாய் எப்போது உச்சத்தைத் தொடும் என்பது ஒவ்வொன்றுக்கும் மாறும்.

வயது ஏற ஏற விலை ஏன் எகிறுகிறது?

பீப்பாயிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் மது ஆவியாகிப் போய்விடும். அதற்குத் 'தேவதைகளின் பங்கு' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லந்தின் குளிரில் அது ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு.

100 லிட்டரில் ஆரம்பித்தால் எவ்வளவு மிஞ்சும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்:

• 12 ஆண்டுக்குப் பிறகு: சுமார் 78 லிட்டர்
• 18 ஆண்டுக்குப் பிறகு: சுமார் 70 லிட்டர்
• 25 ஆண்டுக்குப் பிறகு: சுமார் 60 லிட்டர்
• 30 ஆண்டுக்குப் பிறகு: சுமார் 55 லிட்டர்

இதில் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? 12 ஆண்டிலிருந்து 25 ஆண்டு வரை காத்திருந்தால் மிச்சம் 78 லிட்டரிலிருந்து 60 லிட்டராகக் குறைகிறது. இந்த இழப்பை மட்டும் ஈடுகட்ட, விலை சுமார் 30 விழுக்காடு ஏறினால் போதும்.

பணமும் அதற்குள் முடங்கிக் கிடக்கிறது அல்லவா? அதையும் சேர்த்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி என்று வைத்தால் 13 ஆண்டில் பணம் ஏறக்குறைய 1.9 மடங்காகும். இரண்டையும் பெருக்கினால் சுமார் இரண்டரை மடங்கு. கிடங்கு வாடகை, காப்புறுதி என்று இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் கடையில் பார்க்கும் வித்தியாசம் சில பிராண்டுகளில் 10 மடங்கையும் தாண்டுகிறது. மிச்சத் தொகை எதற்கு?

முதல் காரணம், பற்றாக்குறை. வடிசாலைகள் தங்கள் மதுவில் பெரும்பகுதியை இளம் வயதிலேயே விற்றுவிடுகின்றன. 25 ஆண்டு வரை தாக்குப்பிடிக்கும் என்று நம்பிச் சில பீப்பாய்களை மட்டுமே ஒதுக்கி வைக்கிறார்கள். அவற்றிலும் எல்லாமே நன்றாக வராது. ஆல்கஹால் 40 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் அதை ஸ்காட்ச் என்று விற்கவே முடியாது.

அதோடு, இன்றைய 40 ஆண்டு விஸ்கி 40 ஆண்டுக்குமுன் யாரோ எடுத்த முடிவு. 1980களின் தொடக்கத்தில் விஸ்கிக்குத் தேவை குறைந்தது. கிடங்குகளில் சரக்கு தேங்கியது. பல வடிசாலைகள் மூடப்பட்டன. ஐலா தீவின் போர்ட் எலன், வடக்கு ஸ்காட்லந்தின் பிரோரா இரண்டும் 1983இல் மூடப்பட்டவை. பிரோரா 2021இலும் போர்ட் எலன் 2024இலும் மறுபடி இயங்கத் தொடங்கின. ஆனால் பழைய பீப்பாய்களை மறுபடி உருவாக்க முடியாதே! அதனால்தான் அந்தக் காலத்துப் போத்தல்களுக்கு அப்படியொரு விலை.

இரண்டாவது காரணம், கௌரவம். மரப்பெட்டி, படிகப் போத்தல், எண் போட்ட சான்றிதழ்... இவற்றுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். அது தப்பில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் சரி.

வெப்பமான ஊரில் 5 ஆண்டு, குளிர் ஊரில் 25 ஆண்டா?

வயதை மட்டும் வைத்து எடைபோட முடியாது என்பதற்கு ஆசியாவிலேயே சான்று இருக்கிறது.

பெங்களூரின் அம்ருத் வடிசாலை தன் சிங்கிள் மால்ட் விஸ்கியை 2004இல் ஸ்காட்லந்தின் கிளாஸ்கோ நகரிலேயே அறிமுகம் செய்தது. பெங்களூரின் வெப்பத்தில் ஆவியாகும் அளவு ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கும் மேல். 10 விழுக்காடு என்றே வைத்தாலும் 5 ஆண்டில் 100 லிட்டர் 59 லிட்டராகிவிடும். ஸ்காட்லந்தில் அவ்வளவு குறைய 25 ஆண்டுக்குமேல் ஆகும்!

தைவானின் கவலான் வடிசாலை 2006இல்தான் வடிக்கத் தொடங்கியது. 9 ஆண்டுக்குள், 2015ஆம் ஆண்டின் உலக விஸ்கி விருதுகளில் அதன் 'சோலிஸ்ட் வின்யோ பாரிக்' உலகின் சிறந்த சிங்கிள் மால்ட் என்று தேர்வானது. அந்தப் போத்தலில் வயது என்ற எண்ணே கிடையாது.

அப்படியானால் பெங்களூரின் 5 ஆண்டு ஸ்காட்லந்தின் 25 ஆண்டுக்குச் சமமா? அப்படியும் சொல்லமுடியாது. வெப்பத்தில் மரத்தின் சுவை வேகமாக இறங்கும். ஆனால் காற்று மெதுவாகச் செய்யும் வேலைக்குக் காலம் வேண்டும். ஆக, இரண்டும் வெவ்வேறு விதமான முதிர்ச்சி. நாடு மாறினால் எண்ணின் பொருளும் மாறும், அவ்வளவுதான்.

எப்படிச் சுவைத்துப் பார்ப்பது?

முழுப் போத்தல் வாங்குவதற்குமுன் மதுக்கூடத்தில் 30 மில்லிலிட்டர் கேட்டு வாங்கிப் பாருங்கள். 2 பேர் பகிர்ந்துகொண்டாலும் போதும். நாசி லெமாக் சம்பாலோ மீன்தலைக் கறியோ சாப்பிட்ட கையோடு போகவேண்டாம். காரம் நாக்கை மழுங்கவைத்துவிடும்.

1. குவளை: அடிப்பக்கம் அகன்று வாய்ப்பக்கம் குறுகிய குவளை நல்லது. வாசத்தைச் சேர்த்துப் பிடிக்கும். சின்ன ஒயின் குவளையும் சரிதான். பனிக்கட்டி வேண்டாம். குளிர்ந்தால் வாசம் அடங்கிவிடும்.

2. நிறம்: பாருங்கள், ஆனால் நம்பாதீர்கள். கேரமல் நிறம் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. கறுப்பாக இருந்தால் பழசு என்று பொருளில்லை.

3. மூக்கு: ஊற்றியபின் சில நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு வாயை இலேசாகத் திறந்துகொண்டு மெதுவாக முகர்ந்து பாருங்கள். மூக்கை உள்ளே விட்டு இழுத்தால் ஆல்கஹால் சுரீர் என்று ஏறும். அதன்பிறகு எதுவும் தெரியாது.

4. வாய்: முதல் மிடறு நாக்கைப் பழக்கத்தான். இரண்டாவது மிடறில்தான் கவனம் வேண்டும். ஒரு சொட்டுத் தேன் அளவு எடுத்து, வாய் முழுக்கப் பரவவிட்டுப் பிறகு விழுங்குங்கள்.

5. தண்ணீர்: சில சொட்டு ஊற்றி மறுபடி முகர்ந்து பாருங்கள். இதற்குப் பின்னால் அறிவியல் இருக்கிறது. சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் கணினி உருவகிப்பு மூலம் இதை ஆராய்ந்தனர். புகை வாசம் தரும் குவையக்கால் என்ற பொருள், ஆல்கஹால் அளவு 45 விழுக்காடும் அதற்குக் கீழும் இருக்கும்போது மேற்பரப்புக்குப் பக்கத்தில் வருகிறது. 59 விழுக்காட்டுக்குமேல் இருந்தால் உள்ளேயே அமுங்கிக் கிடக்கிறது. ஆனால் தண்ணீரும் அளவோடுதான். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வில், தண்ணீர் 20 விழுக்காட்டைத் தாண்டியதும் ஒரே வகை விஸ்கிகள் ஒன்றுபோலவே தெரியத் தொடங்கின.

6. முடிவு: விழுங்கியபின் கடிகாரத்தைப் பாருங்கள். சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது? நிற்கும்போது மாறுகிறதா? இல்லை, எரிச்சல் மட்டும்தான் மிஞ்சுகிறதா?

தோன்றுவதை உங்கள் சொற்களில் எழுதிவையுங்கள். மேல்நாட்டுக் குறிப்புகளில் கிறிஸ்துமஸ் கேக், ஹெதர் பூ என்றெல்லாம் இருக்கும். உங்களுக்கு அது பேரீச்சம்பழமாக, குலா மலாக்காவாக, சுக்காக, கயா தடவிய ரொட்டியாக, பழைய பூஜை அறையின் ஊதுபத்தியாகத் தெரியலாம். தப்பே இல்லை. உங்கள் மூக்குக்குத் தெரிந்த ஊரைத்தானே அது சொல்லும்?

நன்றாக முதிர்ந்திருக்கிறதா? அடையாளங்கள் இவை

• ஆல்கஹால் அளவு அதிகமாக இருந்தாலும் தொண்டையைக் குத்தாமல் மென்மையாக இறங்கும்
• ஒரு வாசத்துக்குப் பின்னால் இன்னொன்று வரும். 10 நிமிடம் கழித்து முகர்ந்தால் வேறொன்று தெரியும்
• தேன், மெழுகு, பழைய மரப்பெட்டி, நன்கு பழுத்த மாம்பழம் போன்ற வாசம் வரலாம்
• கரிமண் புகையில் உலர்த்திய பார்லியில் செய்ததென்றால் புகை வாசம் அடங்கிப் பின்னால் நிற்கும்
• சுவை நீண்டநேரம் நிற்கும்

இதற்கு மாறாக, துவர்ப்பும் கசப்பும் மட்டுமே முன்னால் நின்றால், பார்லியின் சுவையே தெரியாமல் வெறும் மரம் தெரிந்தால், அது பீப்பாயில் அளவுக்கு மீறிக் கிடந்திருக்கலாம். எண் பெரிதாக இருந்தாலும் அதற்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

நேர்மையான சோதனை வேண்டுமா? நண்பர் ஒருவரை 12, 18, 25 ஆண்டு விஸ்கிகளை 3 குவளைகளில் உங்களுக்குத் தெரியாமல் ஊற்றச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் 10 மில்லிலிட்டர் போதும். பிடித்ததை வரிசைப்படுத்திய பிறகு எண்ணைக் கேளுங்கள். 18க்குக் கைதூக்கிவிட்டு 25க்குக் காசு கொடுக்கப் போனோமே என்று தெரியவந்தால், உங்களுக்குப் பல நூறு வெள்ளி மிச்சம்.

போத்தலில் வேறு எதைப் பார்க்கலாம்?

• ஆல்கஹால் அளவு: 46 விழுக்காடு அல்லது அதற்குமேல் என்றால் தண்ணீர் குறைவாகச் சேர்த்திருக்கிறார்கள். தண்ணீரின் அளவை நீங்களே முடிவுசெய்யலாம்
• குளிர்வடிகட்டல் செய்யவில்லை என்ற குறிப்பு: விஸ்கி கலங்காமல் இருக்க அதைக் குளிரவைத்து வடிகட்டுவது வழக்கம். அப்போது வாய்க்குக் கொழகொழப்புத் தரும் கொழுப்புப் பொருள்கள் கொஞ்சம் போய்விடும்
• இயற்கை நிறம் என்ற குறிப்பு: கேரமல் சேர்க்கவில்லை என்று பொருள்
• பீப்பாயின் வகை: எந்தச் சுவையை எதிர்பார்க்கலாம் என்று சொல்லும்
• வடித்த ஆண்டு, அடைத்த ஆண்டு: இரண்டும் இருந்தால் வயதை நீங்களே கணக்கிடலாம்

இத்தனையும் தெளிவாக எழுதியிருந்தால் தயாரிப்பாளர் மறைக்க எதுவுமில்லை என்று ஓரளவு நம்பலாம்.

சிங்கப்பூரில் விலையில் வரி எவ்வளவு?

சிங்கப்பூரில் விஸ்கிக்கான தீர்வை, அதில் இருக்கும் தூய ஆல்கஹாலுக்குத்தான். ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி.

700 மில்லிலிட்டர் போத்தலில் 40 விழுக்காடு என்றால் 0.28 லிட்டர் ஆல்கஹால். தீர்வை 24 வெள்ளி 64 காசு. 46 விழுக்காடு என்றால் 28 வெள்ளி 34 காசு. அதற்குமேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி.

இந்தத் தீர்வை வயதைப் பார்ப்பதில்லை. 12 ஆண்டானாலும் 25 ஆண்டானாலும், ஆல்கஹால் அளவு ஒன்றானால் தீர்வையும் ஒன்றே. ஆக, விலையுயர்ந்த போத்தலைக் காட்டி "வரி அதிகம், அதான் இந்த விலை" என்று யாராவது சொன்னால் முழுவதும் நம்பவேண்டாம்.

பயணத்திலிருந்து திரும்பும்போது வாங்குகிறீர்களா? தீர்வைச் சலுகை பெற உங்களுக்கு 18 வயது நிரம்பியிருக்கவேண்டும். சிங்கப்பூருக்கு வெளியே குறைந்தது 48 மணிநேரம் இருந்திருக்கவேண்டும். விஸ்கி போன்ற வடிமதுவுக்குச் சலுகை அதிகபட்சம் ஒரு லிட்டர். மலேசியாவிலிருந்து வந்தால் சலுகையே கிடையாது. ஜொகூர் பாருவில் வாங்கிக்கொண்டு வரும் போத்தலுக்குத் தீர்வை கட்டித்தான் ஆகவேண்டும்.

ஒரு குவளை 10,000 பிராங்க்... அதுவும் போலி!

2017இல் சீன எழுத்தாளர் ஒருவர் சுவிட்சர்லந்தின் செயின்ட் மோரிட்ஸில் உள்ள ஹோட்டலில் 1878ஆம் ஆண்டின் மெக்கலன் என்று சொல்லப்பட்ட விஸ்கியை வாங்கிச் சுவைத்தார். 20 மில்லிலிட்டருக்குக் கொடுத்தது ஏறக்குறைய 10,000 சுவிஸ் பிராங்க்.

செய்தி பரவியது. படத்தைப் பார்த்த நிபுணர்களுக்குச் சந்தேகம் வந்தது. ஹோட்டல் தானே முன்வந்து அதைச் சோதனைக்கு அனுப்பியது. ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் கார்பன் சோதனையில் அது பெரும்பாலும் 1970க்கும் 1972க்கும் இடையே தயாரானது என்று தெரியவந்தது. அது சிங்கிள் மால்ட்டே இல்லை, வேறு தானிய விஸ்கியும் கலந்தது! ஹோட்டல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

மறு ஆண்டு ஸ்காட்லந்தின் ஆய்வுக்கூடம் ஒன்று அரிய ஸ்காட்ச் என்று சொல்லப்பட்ட 55 போத்தல்களைச் சோதித்தது. 21 போத்தல்கள் போலி அல்லது அவற்றில் குறிப்பிட்ட ஆண்டில் வடிக்கப்படாதவை.

கார்பன் எப்படி வயதைக் காட்டிக்கொடுக்கிறது? 1950களிலிருந்து நடந்த அணுவாயுதச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடியது. அதைப் பார்லிச் செடி உறிஞ்சியது. அதனால் அதற்குப் பின் வடித்த விஸ்கி, முந்திய காலத்து விஸ்கியாக நடிக்க முடியாது.

இங்கே ஒன்றை யோசியுங்கள். அந்தக் குவளையை ஊற்றியவர், குடித்தவர் இருவருமே அதை உண்மை என்று நம்பினார்கள். சீட்டில் இருந்த ஆண்டு நாக்கையும் நம்பவைத்துவிட்டது.

விஸ்கியில் முதலீடு செய்யலாமா?

2023 நவம்பரில் லண்டனின் சதபீஸ் ஏலத்தில் 1926ஆம் ஆண்டின் மெக்கலன் போத்தல் ஒன்று 2.1 மில்லியன் பவுண்டுக்கும் மேல் விலைபோனது. அதே பீப்பாயிலிருந்து 60 ஆண்டுக்குப் பிறகு அடைக்கப்பட்டவை 40 போத்தல்கள்தான்.

இப்படிப்பட்ட செய்தியைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு போத்தலின் கதை எல்லாப் போத்தல்களின் கதையாகாது. ஏலச் சந்தையில் பல ஆண்டு ஏறிய விலைகள் 2022க்குப் பிறகு இறங்கின.

இப்போது சமூக ஊடகத்தில் "ஒரு பீப்பாய் வாங்குங்க, 10 வருஷத்துல பணம் பல மடங்கு" என்று விளம்பரங்கள் வருகின்றன. பிரிட்டனில் ஒரே பீப்பாயைப் பலருக்கு விற்றது, இல்லாத பீப்பாயை விற்றது என்று புகார்கள் எழுந்து காவல்துறை விசாரணை வரை போயிருக்கிறது. யாராவது உங்களிடம் வந்தால் இவற்றைக் கேளுங்கள்:

• பீப்பாய் எந்தக் கிடங்கில் இருக்கிறது? அதன் எண் என்ன? கிடங்குக்காரரிடம் நான் நேரடியாகக் கேட்கலாமா?
• உரிமையை என் பெயருக்கு மாற்றும் விநியோக ஆணை கிடைக்குமா? அழகாக அச்சடித்த சான்றிதழ் மட்டும் போதாது
• இப்போது எத்தனை லிட்டர் மிச்சம்? ஆல்கஹால் அளவு என்ன? கடைசியாக எப்போது அளந்தார்கள்?
• வாடகை, காப்புறுதியை யார் கட்டுவது?
• போத்தலில் அடைத்தால் வடிசாலையின் பெயரைப் போட அனுமதி உண்டா?

பதில் மழுப்பலாக வந்தால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

வாங்கியாகிவிட்டது. எப்படிப் பாதுகாப்பது?

ஒயின் போத்தலைப் படுக்கவைப்பார்கள். விஸ்கியை நிற்கவைக்கவேண்டும். படுத்தால் ஆல்கஹால் கார்க் மூடியை அரித்துவிடும். வெயில் படாத, சூடு குறைந்த அலமாரி நல்லது. சன்னலோரக் கண்ணாடி அலமாரி பார்க்க அழகுதான், ஆனால் நம் ஊர் வெயிலுக்குச் சரிப்படாது.

திறந்தபிறகு போத்தலுக்குள் காற்று சேரும். பாதிக்குமேல் குறைந்தால் சுவை மங்கத் தொடங்கும். பார்த்துப் பார்த்துப் பல ஆண்டு வைத்திருப்பதைவிட, வேண்டியவர்களோடு பகிர்ந்து முடிப்பதே மேல்.

ஒன்றை மறக்கவேண்டாம்

எத்தனை ஆண்டு பழையதானாலும் விஸ்கியில் இருப்பது அதே ஆல்கஹால்தான். 12 ஆண்டு விஸ்கியைவிட 25 ஆண்டு விஸ்கி உடம்புக்கு நல்லது என்று எதுவும் இல்லை. ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1988இலேயே வகைப்படுத்தப்பட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என 2023இல் உலகச் சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொன்னது. குடிக்காதவர்கள் சுவை தெரிந்துகொள்ளவென்று தொடங்கத் தேவையில்லை. குடித்துவிட்டு வாகனம் ஓட்டவே கூடாது. சிங்கப்பூரில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மது விற்கமுடியாது. இரவு 10.30 மணிமுதல் காலை 7 மணிவரை கடையில் வாங்கிச் செல்லவும் முடியாது, பொது இடத்தில் குடிக்கவும் முடியாது.

ஒருவகையில் இது சுவைத்துப் பார்ப்பவர்களுக்குச் சாதகமான செய்தி. நல்ல விஸ்கியைப் புரிந்துகொள்ள 10 மில்லிலிட்டர் போதும். மூக்குதான் பாதி வேலையைச் செய்கிறது.

சுருக்கமாக, வாங்குமுன் உங்களை நீங்களே கேட்கவேண்டிய 3 கேள்விகள்:

• யாருக்காக வாங்குகிறேன்? பரிசு என்றால், பெறுபவருக்கு எண் முக்கியமா, சுவை முக்கியமா?
• ஒரு மிடறாவது சுவைத்துப் பார்த்தேனா?
• இந்த எண்ணை விரலால் மறைத்துவிட்டால், இதே விலையைக் கொடுப்பேனா?

மூன்றாவது கேள்விக்கு "ஆமா" என்று பதில் வந்தால் தாராளமாக வாங்குங்கள். தயக்கம் வந்தால், 12 ஆண்டு போத்தலை எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்தில் விருந்தைப் பெரிதாக வையுங்கள். மாமா கோபிக்கமாட்டார்!